கைபேசியில் எல்லா விவரமும் கிடைக்கும்போது, உதைபந்தாட்ட மைதான வாசலில் விற்கும் அச்சுப் புரோகிராமை, அதாவது அன்றைய ஆட்டத்தின் அணிப் பட்டியலும் கட்டுரைகளும் உள்ள சிறு இதழை, காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

மகனையோ மகளையோ இங்கிலாந்தில் ஆட்டம் பார்க்க அழைத்துச் செல்பவர் நீங்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அனுமதிச்சீட்டு, ரயில், சாப்பாடு என்று ஏற்கனவே கை கடித்திருக்கும் வேளையில் இன்னும் மூன்று நான்கு பவுணா என்று நீங்கள் தயங்குவது எனக்கு விளங்குகிறது. ஆயினும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். வாங்கினால் அதில் எழுதவும் செய்யுங்கள்.

என் அப்பா 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் நால்வரோடு ஓர் அறையில் இருந்தார். இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை. வெஸ்ட் ஹாம் அணியின் பழைய மைதானம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. உள்ளே போனால் தேநீர்கூட வாங்கமாட்டார், புரோகிராம் வாங்குவார். அன்றைக்கு அது வெறும் நினைவுப்பொருளாகவும் இருக்கவில்லை. வேறு ஊர்களில் அதே நேரத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்து அதில் அச்சிட்டிருப்பார்கள். இடைவேளையில் மைதானப் பலகையில் அந்த எழுத்தும் கோல் எண்ணிக்கையும் மட்டுமே தெரியும். புரோகிராம் கையில் இல்லாதவருக்கு எந்த எழுத்து எந்த ஆட்டம் என்று தெரியாது.

அப்பா காலமான பிறகு அவருடைய பெட்டியில் அறுபதுக்கு மேற்பட்ட இதழ்கள் இருந்தன. அவற்றில் ஒன்று 1986 ஏப்ரல் 21, திங்கட்கிழமை இரவு ஆட்டத்துக்குரியது. அன்று வெஸ்ட் ஹாம் நியூகாசிலை 8-1 என்று வென்றது. தடுப்பாட்டக்காரரான அல்வின் மார்ட்டின் மூன்று கோல்கள் அடித்தார். மூன்றும் மூன்று வெவ்வேறு கோல் காப்பாளர்களுக்கு எதிராக. நியூகாசிலின் காப்பாளர் மார்ட்டின் தோமஸ் காயத்தால் வெளியேற, கிறிஸ் ஹெட்வர்த் அந்த இடத்தில் நின்றார். அவரும் காயப்பட, முன்கள வீரரான பீட்டர் பியர்ட்ஸ்லி கையுறை அணிய வேண்டியதாயிற்று. அச்சிட்ட அணிப் பட்டியலுக்கு இதில் எதுவும் தெரியாது. அதில் தோமஸின் பெயர் அப்படியே இருக்கிறது. அதன்மேல் அப்பா நீலப் பேனாவால் கோடிழுத்து, அம்புக்குறி போட்டு, ‘இனி ஹெட்வர்த்’ என்றும், அதன் கீழே சற்று நடுங்கிய எழுத்தில் ‘இப்ப பியர்ட்ஸ்லி!’ என்றும் தமிழில் எழுதியிருக்கிறார். அல்வின் மார்ட்டினின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று கோடுகள். மூன்றாவது கோடு தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தமாக விழுந்திருக்கிறது.

அந்தப் பெட்டியைப் பழைய புரோகிராம் வாங்கி விற்கும் ஒருவரிடம் கொண்டு போனேன். விற்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு இல்லை. மதிப்பை அறியவே போனேன். அவர் அந்த ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பேனா எழுத்து இருக்கிறது, பழுது” என்று சொல்லி, கழித்துவிட்ட குவியலின் மேல் போட்டார். சேகரிப்போர் சந்தையில் எழுதாத, மடியாத பிரதிக்கே விலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ‘பழுது’ என்ற அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலீடாக நினைத்து வாங்குவதானால் வேண்டாம். 1882ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டப் புரோகிராம் 2013இல் 35,250 பவுணுக்கு ஏலம் போனதைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். என்னிடம் உள்ள எண்பதுகளின் இதழ்களில் பெரும்பாலானவற்றைச் சந்தையில் ஓரிரு பவுணுக்கே வாங்கிவிடலாம்.

தாளை வீணாக்கச் சொல்கிறேன் என்றோ, கழகங்களின் வியாபாரத்துக்குப் பரிந்து பேசுகிறேன் என்றோ சிலர் சொல்லக்கூடும். கழகங்களே இதைக் கைவிடத் தொடங்கியவை என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாம் நிலை முதல் நான்காம் நிலை வரையுள்ள இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்கின் கழகங்கள், புரோகிராம் அச்சிடுவது கட்டாயம் என்ற விதியை 2018இல் வாக்களித்து நீக்கிவிட்டன. கைபேசித் திரையில் அதே கட்டுரைகளைப் படிக்கலாம், உண்மைதான். ஆனால் அங்கே மாற்றங்கள் எல்லாம் தாமாகவே திருத்தப்பட்டுவிடுவதால், பார்த்தவர் தன் கையால் திருத்துவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

தன் வீரர்கள் பலரைப் பலிகொண்ட மியூனிக் விமான விபத்துக்குப் பதின்மூன்று நாள்களுக்குப் பின், 1958 பெப்ரவரி 19 அன்று, மான்செஸ்டர் யுனைடெட் ஷெஃபீல்ட் வென்ஸ்டே அணியோடு ஆடியது. யார் ஆடுவார்கள் என்று தெரியாததால், புரோகிராமில் யுனைடெட்டின் பதினொரு பெயர்களுக்கும் உரிய இடங்களை வெறுமையாக விட்டு அச்சிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக வாசிக்க, வந்திருந்தவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். அந்த இரவின் அணி, அவர்களின் கையெழுத்தில் அந்தத் தாள்களில் இருக்கிறது.

வெஸ்ட் ஹாமின் அந்த மைதானம் இன்று இல்லை. 2016 மே மாதத்தில் கடைசி ஆட்டம் முடிந்து, இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. நான் என் மகளோடு புதிய மைதானத்துக்குப் போகிறேன். நான் புரோகிராமைப் பிடித்துக்கொள்வேன், அவள் எழுதுவாள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: இப்போதைய தாள் மினுமினுப்பானது, குமிழ்முனைப் பேனா வழுக்கிக்கொண்டு போகும். மெல்லிய முனையுள்ள, அழியாத மையுள்ள பேனாவை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். எழுதியதும் மூடிவிடாமல், மை காயும்வரை விரித்து வைத்திருங்கள்.