சித்திரை வெயிலில் தோட்டத்தில் கேக் சாப்பிடலாமா?

கேள்வி: வீட்டில் செய்த கேக்கை, பூத்துக் கிடக்கும் சொந்தத் தோட்டத்தில் இருந்து சாப்பிடும் வசந்தகாலம் யாழ்ப்பாணத்தில் உண்டா?

தாராளமாக உண்டு. ஆனால் மாலை ஐந்து மணிக்கு முன் முற்றத்தில் மேசை போட்டால் கேக்குக்கு முன்பே நீங்கள் உருகிவிடுவீர்கள். நமக்கு இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும். குளிர் போய் வெயில் எட்டிப் பார்க்கும் காலமல்ல, வெயில் உச்சிக்கு ஏறும் காலம். கொன்றை மஞ்சள் சரம் சரமாகத் தொங்குவதும் வேம்பு பூப்பதும் அப்போதுதான். மாரி மழை ஓய்ந்த பின் தை மாதத்தில் கத்தரித்துவிட்ட மல்லிகைப் பற்றையும் அந்த வெயிலில்தான் அள்ளிச் சொரியும். கிணற்றுத் தண்ணீர் மட்டும் தவறாமல் போக வேண்டும். செவ்வரத்தை வருடம் முழுவதும் பூப்பதால் அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேக் விடயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: ஐசிங் வேண்டாம். பட்டர் ஐசிங் இந்த வெக்கைக்குக் கால்மணி நேரம்கூடத் தாங்காது. ரவைக் கேக்தான் சரி. எங்கள் வீட்டில் ரவையும் பட்டரும் சம அளவு. ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, ஆறியதும் பட்டரில் கலந்து சில மணி நேரம் ஊறவிடுவோம். இதில் அவசரப்பட்டால் கேக் பல்லில் நறநறக்கும். மஞ்சள் கருவையும் சீனியையும் நன்றாக அடித்து, நறுக்கிய கஜு, ஏலக்காய்த் தூள், கொஞ்சம் ரோஸ் எசன்ஸ் சேர்த்து, நுரைக்க அடித்த வெள்ளைக் கருவைக் கடைசியில் மெதுவாகக் கலக்க வேண்டும். சுட்ட அன்றைவிட மறுநாள்தான் ருசி கூடும். ஆகவே முதல் நாளே சுட்டு வைத்துவிட்டால், அன்றைய வெக்கையில் குசினிக்குள் நிற்கவும் தேவையில்லை.

பொழுது சாயத்தான் மல்லிகை மொட்டு அவிழும். அந்த நேரத்துக்குச் சீனி குறைத்த பிளேன்டீ போதும். கேக்கில் இனிப்பு ஏற்கனவே தாராளம். எறும்புக்குப் பயந்தால், அகன்ற தட்டில் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் கேக்கை வையுங்கள்.

வேப்பமரத்தடியில் மட்டும் மேசை போடாதீர்கள். பூ கேக்கின்மேல் கொட்டும். தவிர, வடகத்துக்குப் பூச் சேர்க்க அங்கே பழைய சேலையை விரித்து வைத்திருக்கும் அம்மா உங்களைக் கிட்டவே விடமாட்டார்.