சீசனுக்கு முந்திய டிக்கெட்டும் மச்சாளின் சேலைப் பட்டியலும்

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். நான் அரசாங்க உத்தியோகத்தர். கணவருக்கு வெல்லாவெளிப் பக்கம் வயல் இருக்கிறது. 74 வயது மாமியின் நெடுநாள் ஆசைக்காக நவம்பரில் நான்கு பேர் இந்தியா போக நினைக்கிறோம்: மதுரை, பழனி, ராமேஸ்வரம். டிசம்பரில் ஆளுக்கு 75,000 ரூபாய் சொல்லும் டிக்கெட் நவம்பரில் 55,000. மற்றச் செலவு 180,000. கையில் 350,000 இருக்கிறது. கணவரின் அக்கா, தன் மகளின் தை மாதக் கல்யாணத்துக்கு 250,000 ரூபாய்க்குச் சேலைகள் வாங்கி வரச் சொல்கிறார். பணம் பிறகு தருவாராம். போன முறை வாங்கிக் கொடுத்ததில் 70,000 இன்னும் வரவில்லை. இரண்டு வருடமாக 400,000 ரூபாய்க்கு அடகில் இருக்கும் நகைக்கு, தங்க விலை ஏறியதால், மேலும் 300,000 தரலாம் என்கிறார்கள். வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம். எடுக்கலாமா? அல்லது கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை என்று ஏஜென்சி சொல்வதை ஏற்கலாமா?

பதில்: தங்கச்சி, இரண்டும் வேண்டாம். பயணம் போங்கள்.

உங்கள் கணக்கையே திரும்பப் பாருங்கள். நான்கு டிக்கெட் 220,000, மற்றச் செலவு 180,000, மொத்தம் 400,000. கையிலிருப்பதைக் கழித்தால் உங்கள் பயணத்துக்குக் குறைவது 50,000 மட்டுமே. எடுக்க நினைக்கும் 300,000இல் மிச்சம் 250,000 மச்சாளின் சேலைக்குப் போகிறது. அவருடைய கல்யாணச் செலவுக்கு உங்கள் தாலிக்கொடியோ காப்போ வட்டி சுமக்கிறது. இதைப் பயணக் கடன் என்று நினைத்ததால்தான் உங்களுக்குக் குழப்பம்.

பழைய அடகுக்கு வருடம் 64,000 வீதம் இதுவரை ஏறத்தாழ 128,000 வட்டி போயிருக்கும். முதல் அப்படியே நிற்கிறது. மேலும் 300,000 எடுத்தால் மொத்தம் 700,000க்கு வட்டி வருடம் 112,000, மாதத்துக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல். சீசனுக்கு முன் போவதால் மிச்சமாகும் 80,000 ஒன்பது மாதத்துக்குள் வட்டியில் கரைந்துவிடும். தங்க விலை ஏறும்போதெல்லாம் அதே நகைக்கு மேலதிகப் பணம் எடுக்கும் பழக்கம் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பரவியிருப்பது எனக்குப் பெரும் கவலை. விலை ஏற்றம் உங்களுக்கு இலாபமாகத் தெரிகிறது. உண்மையில் நகையைத் திருப்பும் நாள்தான் தள்ளிப்போகிறது. கட்டமுடியாமல் போனால் ஏலம்.

அதோடு பெரும்போகத்தையும் யோசியுங்கள். நவம்பரில் உரத்துக்கும் களைநாசினிக்கும் காசு வேண்டும். நெல் காசு மாசி, பங்குனியில்தான் வரும். அடகில் எடுக்கக்கூடியதை எல்லாம் சேலைக்கு எடுத்துவிட்டால், உரத்துக்கு வியாபாரியிடம் கடன் வாங்கி, அறுவடையன்று அவர் சொல்லும் விலைக்கு நெல்லை அளந்து கொடுக்க நேரிடும். அந்த நட்டத்துக்கு அடகுச் சீட்டுப்போல் ஒரு துண்டும் கிடைக்காது.

தவணைத் திட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வட்டி இல்லை என்பார்கள். சேவைக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன வட்டி என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் அது இருக்காது. முடிந்துபோன பயணத்துக்கு ஒரு வருடம் தவணை கட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

கறாராகச் சொன்னால் கையிலுள்ள 350,000ஐ நகையைத் திருப்பப் போடவேண்டும். ஆனால் 74 வயதில் மாமி ராமேஸ்வரம் பார்க்க ஆசைப்படுகிறார். அதைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனமில்லை. குறையும் 50,000ஐ நாட்களைக் குறைத்தும் முழுப் பயணத்துக்கும் வேன் பிடிக்காமலும் சரிக்கட்டலாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ராமேஸ்வரம் வரை மீண்டும் ரயில் ஓடுகிறது. இந்திய ரயில்களில் 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறக்கும். அன்றே பதிவு செய்யுங்கள்.

திகதியிலும் கவனம் வேண்டும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் பழனிக்கும் மதுரைக்கும் திரள்வார்கள். அறை வாடகை ஏறும். தீபாவளிக் கூட்டம் கலைந்து கார்த்திகை பிறப்பதற்குள் போய்வருவது நல்லது. இடையில் கந்தசஷ்டி வரும். அந்த நாட்களில் பழனியைத் தவிருங்கள். நவம்பர் அங்கும் வடகீழ்ப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. ஆகவே கடைசி நாளுக்கு அறைக் காசு கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். உங்கள் வெளிநாட்டு லீவு அனுமதி கைக்கு வரும் முன் டிக்கெட் எடுக்கவேண்டாம்.

சேலை விடயத்தை உங்கள் கணவரே அக்காவிடம் பேசவேண்டும். நீங்கள் பேசினால் அது நாத்தனார் சண்டையாகிவிடும். பழைய 70,000 வரட்டும். புதிய பட்டியலுக்கான காசை முன்கூட்டியே தந்தால் வாங்கி வருகிறோம் என்று சொல்லட்டும். வியாபாரத்துக்குப் போலக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க வரியும் கேட்பார்கள். அதுவும் அவர் கணக்கு. தாய்மாமன் முறைக்கு நீங்கள் கொடுக்கவேண்டிய ஒரு சேலையை உங்கள் காசில், மனநிறைவாக வாங்குங்கள். மாசியில் நெல் காசு வந்ததும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்காமல், முதல் தொகையில் 100,000ஆவது கழியுங்கள். வருட வட்டி அந்த ஒன்றிலேயே 16,000 குறையும்.