திருத்தமா, மாற்றமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் வாசகசாலைப் பொதுக்குழுவில் சந்தா விதியை மாற்றப் போகிறோம். மலையாள அறிவிப்பில் ‘நியமாவலி பேதகதி’ என்று இருக்கிறது. தமிழில் ‘விதித் திருத்தம்’ என்று எழுதினேன். ‘அப்படியானால் பழைய விதி தப்பு என்றாகிவிடுமே, மாற்றம் என்று போடுங்கள்’ என்கிறார் செயலாளர். எது சரி?

— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியதே சரி. செயலாளருக்கு ஏன் உறுத்துகிறது என்பதும் புரிகிறது. மலையாளத்தில் பிழையைச் சரிசெய்தால் திருத்தல், சட்டத்தில் கைவைத்தால் பேதகதி. அந்தக் காதோடு கேட்டால் திருத்தம் என்றதும் வாத்தியாரின் சிவப்பு மைதான் ஞாபகம் வரும். தமிழில் அது இன்னும் அகலமான சொல். காடு திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோம். காட்டில் என்ன பிழை? முடி திருத்தப் போகிறவரும் தலையில் தப்போடு போவதில்லை (என்னைப் பற்றி வீட்டில் வேறு அபிப்பிராயம் உண்டு). வெறும் அச்சுப்பிழை என்றால் ‘பிழைதிருத்தம்’ என்று தனியாகச் சொல்லிவிடலாம்.

‘மாற்றம்’ இங்கே போதாது. கூட்டத் தேதி தள்ளிப்போனாலும் மாற்றம்தான். எழுதிவைத்த விதியில், அதற்கென்று உள்ள முறைப்படி ஒன்றைச் சேர்த்தாலோ நீக்கினாலோ வேறாக்கினாலோ அது திருத்தம். அரசியலமைப்பின் 368ஆவது பிரிவும் இந்த மூன்றைத்தான் சொல்கிறது.

அந்த முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு எல்லைக்காரர்களான நமக்கு நல்ல உதாரணம் திருத்தணி. 1959இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால், 1960 ஏப்ரல் 1 அன்று அது ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. மாநிலங்களின் பரப்பைச் சொல்லும், அரசியலமைப்பின் முதல் அட்டவணையும் அதற்கேற்ப மாறியது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது அரசியலமைப்புத் திருத்தம் இல்லை! இப்படிப்பட்ட சட்டங்களை 368இன்படியான திருத்தமாகக் கொள்ளக்கூடாது என்று 4ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. சாதாரணப் பெரும்பான்மை போதும். அதே 1960இல் மேற்கு வங்கத்திலுள்ள பேருபாரியின் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க 9ஆவது திருத்தம் தேவைப்பட்டது. உள்நாட்டு எல்லைக்கு ஒரு வழி, அந்நிய நாட்டுக்கு நிலம் கொடுக்க வேறு வழி.

சரி, உங்கள் அறிவிப்புக்கு வருவோம். ‘விதித் திருத்தம்’ என்று தலைப்பிட்டு, விதி எண், இப்போதுள்ள வாசகம், புதிய வாசகம், எந்தத் தேதி முதல் என்று எழுதிவிடுங்கள். அப்புறம், திருத்தத்துக்கு எத்தனை பேர் ஆதரவு வேண்டும் என்று உங்கள் நியமாவலியிலேயே இருக்கும். கூட்டத்துக்கு முன்பே செயலாளரை அதைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.