கால்நடை மருத்துவக் கல்லூரியில் டி செல்லுக்கு என்ன வேலை?

கேள்வி: சென்னையில் நுண்ணுயிரியல் படித்தேன். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பாஸ்டனில் சுண்டெலிகளின் டி செல்களை, அதாவது நோய் எதிர்ப்புக்கு உதவும் ஒருவகை வெள்ளை அணுக்களை, ஆராய்ந்து வருகிறேன். இங்குள்ள ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி, உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்முகத்துக்கு என்னை அழைத்திருக்கிறது. நானோ கால்நடை மருத்துவர் அல்ல. மருத்துவக் கல்லூரி அழைக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறார் கணவர். “மாட்டு ஆஸ்பத்திரியிலா வேலை?” என்று ஊரிலிருந்து அப்பா கேட்கிறார். போகலாமா? போனால் அங்கே என்ன பேச வேண்டும்?
– வாசகி, பாஸ்டன்

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகப் போங்கள். வேறு இடம் கிடைக்காததால் வந்தவர் போல மட்டும் போகாதீர்கள்.

முதலில் அப்பாவுக்கு. டி செல் ஒரு வைரஸ் தொற்றிய செல்லை எப்படி அடையாளம் காண்கிறது என்று கண்டறிந்ததற்காக 1996-ல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர் பீட்டர் டோஹர்டி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கால்நடை மருத்துவம் படித்தவர் அவர். நீங்கள் தினமும் செய்யும் ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் மாட்டு டாக்டர்தான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

கணவரின் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் புதிய ஆய்வாளர்களுக்குத் தரும் தனிச் சலுகை, முனைவர் பட்டத்திலிருந்து பத்து ஆண்டுகள்வரைதான். அதில் ஆறு போய்விட்டது. வராத கடிதத்துக்காக மீதி நான்கையும் செலவழிப்பது நல்ல கணக்கல்ல. கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர்களும் அதே நிதிக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள்; பலர் பெறவும் செய்கிறார்கள்.

இனி, தேர்வுக் குழுவின் மனதில் என்ன ஓடும்? நீங்கள் கால்நடை மருத்துவர் அல்ல என்பது விண்ணப்பத்திலேயே தெரிந்ததுதான். தெரிந்தேதான் அழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பயம் வேறு: நான்கு ஆண்டுகள் தங்கி, அவர்கள் பணத்தில் ஆய்வகம் அமைத்து, பெயர் வந்ததும் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுவீர்களோ? தங்கள் கல்லூரியை வழிப்போக்கர் சத்திரமாக நடத்துவீர்களோ? இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஆனால் “எங்கள் மருத்துவமனைக்கு வரும் நாய்களை வைத்து என்ன செய்வீர்கள்?” என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கு நீங்கள் தரும் பதிலைப் பொறுத்தே எல்லாம்.

அந்தப் பதில் உள்ளத்திலிருந்து வர வேண்டும். அதற்கு நிறையவே காரணம் இருக்கிறது. சுத்தமான கூண்டில் வளரும் ஆய்வகச் சுண்டெலியின் நோய் எதிர்ப்பு மண்டலம், வளர்ந்த மனிதருடையதைவிடப் பிறந்த குழந்தையினுடையதையே ஒத்திருக்கிறது என்று 2016-ல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். செல்லப்பிராணிக் கடை எலிகளில் அப்படி இல்லை. நாயோ நாம் வாழும் வீட்டில், நம் தூசியையே சுவாசித்து வாழ்கிறது. அதற்கு நிணநீர்ப் புற்றுநோய் தானாகவே வருகிறது, யாரும் ஊசியால் உண்டாக்குவதில்லை. மாட்டைப் பாருங்கள். மனித ரத்தத்தின் டி செல்களில் காமா டெல்டா என்ற ஒரு வகை சில சதவீதம்தான். இளங்கன்றின் ரத்தத்தில் அது 60 சதவீதம்வரை போகிறது. ஏன் என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி. உங்கள் துறையில் இதைவிடச் செழிப்பான நிலம் எங்கே கிடைக்கும்? 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், எச்.ஐ.வி. புரதம் செலுத்தப்பட்ட கன்றுகள் பலவகை எச்.ஐ.வி.க்களை முடக்கும் ஆன்டிபாடிகளை (குறிப்பிட்ட இலக்கைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதங்களை) சில வாரங்களிலேயே உருவாக்கின. தொற்றுள்ள மனிதர்களில் அதற்கு ஆண்டுகள் பிடிக்கும், அதுவும் சிலருக்கே.

கரும்பலகை முன் நின்று எதிர்காலத் திட்டத்தை விளக்கும் அமர்வில், சுண்டெலியில் தொடங்கி நாயிலோ மாட்டிலோ போய் முடியும் ஒரே ஒரு கேள்வியை வையுங்கள். மூன்று விலங்குகளையும் ஒரே மூச்சில் பேசினால் நம்ப மாட்டார்கள். அதன் இடர்ப்பாட்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: சுண்டெலிச் செல்களைப் பிரித்தறிய ஆன்டிபாடிகள் ஏராளமாக விற்கின்றன, நாய்க்கும் மாட்டுக்கும் அவை மிகக் குறைவு. எது வேலை செய்கிறது என்று பல முறை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். இது தெரிந்தவர் என்று புரிந்தாலே அறையில் பாதிப் பேர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். மருத்துவமனையில் நோயாளி விலங்குகளைப் பார்ப்பவர்களையும் சந்தித்துப் பேசுங்கள். உரிமையாளரின் சம்மதம் வாங்கி ரத்த மாதிரி எடுத்துத் தரப்போவது அவர்கள்தான். கட்டுரையில் அவர்கள் பெயரும் இருக்கும் என்று முதல் நாளே சொல்லுங்கள்.

பாடம் நடத்துவது பற்றிக் கவலை வேண்டாம். பசுவின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு ஆன்டிபாடி போவதில்லை. பிறந்த முதல் நாளுக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் அது கிடைக்கிறது. நம் ஊரில் சீம்பால் சாப்பிட்டு வளர்ந்த நீங்கள் மாதிரி வகுப்பை அங்கிருந்தே தொடங்கலாம். வருங்கால மருத்துவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

வேலை உறுதியானால் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? அதில் எவ்வளவு பங்கை ஆய்வு நிதியிலிருந்து நீங்கள் கொண்டுவர வேண்டும்? சுண்டெலிக் கூண்டுகளின் தினக் கட்டணத்தை யார் தருவார்கள்? ஆய்வகம் கட்டும் கைமுதலைப் பேசும்போது பலரும் இந்தக் கூண்டுக் கட்டணத்தை மறந்துவிட்டுப் பிறகு திணறுகிறார்கள். முதல் ஆண்டில் வகுப்பு எவ்வளவு குறையும் என்றும் கேளுங்கள். கிரீன் கார்டு இல்லையென்றால் இன்னொன்று: கற்பித்தலும் அடங்கிய பணிக்குப் பல்கலைக்கழகம் தன் தேர்வையே சான்றாக வைத்து, கிரீன் கார்டுக்கான முதற்படியாகிய தொழிலாளர் சான்றிதழைக் கேட்க முடியும். ஆனால் உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும்.

கணவருக்கும் அந்த ஊரில் வேலை தேவையென்றால், நேர்முகத்தின்போது பேச்செடுக்க வேண்டாம். நியமனக் கடிதம் வந்த பிறகு, கையெழுத்திடுவதற்கு முன் டீனிடம் கேளுங்கள். அவர்கள் உங்களுக்காக நாலு இடத்தில் பேசத் தயாராக இருப்பது அந்த இடைவெளியில்தான்.