Re: ஜெர்மன் ஹேண்ட்பால் கப்ல 2021 சாம்பியன் எங்க?

ப்ரோ, லெம்கோ டீமை ஒரு லிஸ்ட்ல 2020னும் இன்னொண்ணுல 2021னும் போட்டிருக்கான், எது கரெக்ட்டுனு கேட்டிருக்கீங்க. ரெண்டும் ஒரே கப் தான். அது 2019-20 சீசனோடது, ஏப்ரல்ல ஹாம்பர்க்ல நடக்க வேண்டிய ஃபைனல் ஃபோர் (ரெண்டு செமியும் ஃபைனலும்) கொரோனால தள்ளித் தள்ளி கடைசில 2021 ஜூன்ல தான் நடந்துச்சு, அதனால 2020-21க்குன்னு தனியா கப்பே வைக்கல. உங்க சாம்பியன் சார்ட்ல 2020-21 ரோவுக்கு 'நடக்கவில்லை'னு போடுங்க, சும்மா காலியா விட்டா காலேஜ் க்விஸ்ல எவனாவது கண்டிப்பா நோண்டுவான்.

அந்த கப்ல லெம்கோவும் கீல் டீமும் ஆடின செமி ஃபைனல் வீடியோ கிடைச்சா பாருங்க, செம மேட்ச். ஹாஃப் டைம்ல கீல் 18-11 லீட், அவ்ளோதான் முடிஞ்சுதுன்னு பாத்தா லெம்கோ 29-28ல தூக்கிட்டான்! ஃபைனல்ல மெல்சுங்கன் டீமை 28-24ல ஜெயிச்சான்.

மத்தபடி, கப் ஆரம்பிச்சது 1974-75 சீசன்ல, அதிகமா ஜெயிச்சது கீல் தான். ஃபைனல் ஃபோர்னா சனிக்கிழமை ரெண்டு செமி, ஞாயித்துக்கிழமை ஃபைனல், எல்லாம் ஒரே ஸ்டேடியத்துல. ரொம்ப வருஷம் ஹாம்பர்க், 2023ல இருந்து கொலோன். நம்ம நேரு இண்டோர்ல இப்டி ஒண்ணு வெச்சா நான் ரெண்டு நாளும் வந்துருவேன். சார்ட்ல வென்யூ கட்டங்களை அப்டேட் பண்ணிடுங்க, நீங்க எல்லாத்துக்கும் ஹாம்பர்க்னே போட்டிருக்கீங்க.