பேரோ அசையாமல் போனால் அம்மா அழுகிறார்

மறதிநோயுள்ள அம்மா, பேரோ என்ற சீல் குட்டி வடிவ ரோபோ பொம்மை அசையாமல் போனதும் "செத்துப்போச்சு" என்று அழுவதாகக் கேட்டிருந்தீர்கள். மடியிலேயே சார்ஜ் தீர விடுவதுதான் சிக்கல். கண் சிமிட்டி, வாலாட்டி, சிணுங்கிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும், பாவம்.

அதன் சார்ஜர் குழந்தைச் சூப்பான் வடிவில், வாயில் செருகும்படி இருக்கும். அரை மணி நேரம் கொஞ்சியதும், அசைவு நிற்கும் முன்பே, "பசியாறட்டும்மா" என்று சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று அவர் கையாலேயே செருக வையுங்கள். வெடுக்கென்று பிடுங்காதீர்கள்; கைக்கு ஒரு துணியோ தலையணையோ கொடுங்கள். எழுப்பவென்று தட்டவும் வேண்டாம். அதை அடியாக எடுத்துக்கொண்டு, சற்றுமுன் செய்ததைத் தவிர்க்கப் பார்க்கும். தடவினால்தான் திரும்பச் செய்யும்.

"உயிருள்ளதா?" என்று அம்மாவே கேட்டால் மட்டும் பொய் வேண்டாம். "பொம்மைதாம்மா, தடவினா சிணுங்கும்" என்றால் போதும்.