வாசகர் கேள்வி–பதில்: இரு முறை தடை செய்யப்பட்ட சாண்டி டர்ன்புல்

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் முதல் கோலை அடித்த சாண்டி டர்ன்புல், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தால் (எஃப்.ஏ.) இரண்டு முறை தடை செய்யப்பட்டவர் என்று படித்தேன். அவ்வளவு நேர்மையற்ற ஆட்டக்காரரா அவர்?

பதில்: இரண்டு தடைகளையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியிலுள்ள ஹர்ல்ஃபோர்டில் 1884ஆம் ஆண்டு பிறந்த சாண்டி, 1902இல் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்து, 1904இல் அச்சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியில் ஆடினார். உயரம் குறைந்தவராக இருந்தும், தலையால் முட்டிக் கோல் அடிப்பதில் பெயர் பெற்றவர்.

இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு நான்கு பவுண்டுக்கு மேல் ஊதியம் தரக்கூடாது, வெற்றிக்கான ஊக்கத்தொகையும் கூடாது என்ற விதி 1901 முதல் நடைமுறையில் இருந்தது. பல்லாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்கும் ஆட்டத்தில், அதை ஆடுகிறவனின் கூலிக்கு மட்டும் உச்சவரம்பு கட்டிய விதி அது. சிட்டி நிர்வாகம் அதை மீறி மறைவாகப் பணம் கொடுத்துவந்தது 1906இல் வெளிப்பட்டபோது, 17 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதுடன், மீண்டும் சிட்டிக்காக ஆடவும் அவர்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. சாண்டி அவர்களில் ஒருவர். உழைப்புக்கு உரிய பணத்தைப் பெற்றதைத் தவிர அவர் மீது அப்போது வேறு குற்றம் இருந்ததாக நான் கருதவில்லை.

அந்தத் தண்டனையால் லாபம் அடைந்தது அதே ஊரின் மான்செஸ்டர் யுனைடெட். பில்லி மெரிடித், ஹெர்பர்ட் பர்ஜஸ், ஜிம்மி பானிஸ்டர் ஆகியோருடன் சாண்டியையும் அது சேர்த்துக்கொண்டது. தடை முடிந்த 1907 ஜனவரி முதல் தேதியே ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராகக் களமிறங்கிய அவர், அந்த ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தார். அடுத்த பருவத்தில் லீகில் மட்டும் 25 கோல்கள் அடித்து, யுனைடெட்டின் முதல் லீக் பட்டத்துக்குப் பெரும் காரணமானார். 1909 கோப்பை இறுதியாட்டத்தின்போது முழங்கால் காயத்தால் அவர் ஆடுவதே ஐயமாக இருந்தது. ஆயினும் அவரைச் சேர்க்க வேண்டும் என்று அணித்தலைவர் சார்லி ராபர்ட்ஸ் வற்புறுத்தினார். சக வீரர் ஹரால்டு ஹால்ஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்ப, அதைச் சாண்டி வலைக்குள் செலுத்தியதே பிரிஸ்டல் சிட்டியை வீழ்த்திய ஒரே கோல். நீங்கள் குறிப்பிட்ட ஓல்டு டிராஃபோர்டு கோல் 1910 பிப்ரவரி 19 அன்று விழுந்தது. ஆனால் லிவர்பூல் 4–3 என்று வென்று திறப்பு விழாவைக் கெடுத்துவிட்டது.

இத்தனை இருந்தும் ஸ்காட்லாந்து தேசிய அணி அவரை ஒரு சர்வதேச ஆட்டத்துக்கும் அழைக்கவில்லை.

கேள்வி: அதே அணியில் ஆடிய ஜிம்மி டர்ன்புல் இவருடைய சகோதரரா?

பதில்: இல்லை. இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், முன்கள வீரர்கள், 1909 இறுதியாட்டத்தில் சேர்ந்து ஆடியவர்கள். உறவு எதுவும் கிடையாது.

கேள்வி: 1915இல் முன்கூட்டியே முடிவு பேசி ஆடப்பட்ட ஆட்டத்தில் சாண்டி களமிறங்கவே இல்லையே, பிறகு ஏன் ஆயுள் தடை?

பதில்: 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளியன்று யுனைடெட் லிவர்பூலை 2–0 என்று வென்றது. முதல் உலகப் போர் காரணமாக லீக் நிறுத்தப்படவிருந்த காலம். ஆட்டக்காரர்களின் வருமானம் கேள்விக்குறியாகியிருந்தது. சரியாக 2–0 என்ற முடிவின் மீது பெருமளவில் பந்தயம் கட்டப்பட்டதால் விசாரணை நடந்தது. அதில் சதிக்குத் துணைபோனவர் என்று முடிவு செய்யப்பட்டதால், ஆடாத சாண்டியும் தண்டிக்கப்பட்டார். வறுமை அச்சம் காரணத்தை விளக்கலாம்; ஆனால் காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களை ஏமாற்றிய இச்செயலை முதல் தடையைப் போல் என்னால் தள்ளிவிட முடியாது.

பின்னர் ராணுவத்தில் சேர்ந்த சாண்டி, 1917 மே 3 அன்று பிரான்சின் அராஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். 1919இல் அவருடைய தடை நீக்கப்பட்டது. அது போர்ச் சேவைக்காகக் காட்டப்பட்ட சலுகையே தவிர, குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அல்ல. தண்டிக்கப்பட்ட யுனைடெட் வீரர்களுள் அந்த ஆட்டத்தில் உண்மையாகவே ஆடியவர் ஏனாக் வெஸ்ட் மட்டுமே. தாம் நிரபராதி என்று நீதிமன்றம் வரை சென்று தோற்ற அவருக்கு, 1945 வரை தடை நீங்கவில்லை.